ஜிபிஎஸ்ஸுக்குப் பேர் இல்லை

கோதண்டத்தின் படகுக்கு அடியில் கானாங்கெளுத்தி கூட்டமாக மேய்ந்தது. அவன் வலை மட்டும் போதாது. மச்சான் கங்காதரனின் படகும் வந்து மறுபக்கம் வளைத்தால்தான் சிக்கும். வாக்கி டாக்கியை எடுத்தான்.

வாக்கியில் பேசினால் கோட்டைக்குப்பத்துப் படகுகள் எல்லாவற்றிலும் கேட்கும். அதற்காகவே கோதண்டம் ஒரு பாஷை கட்டியிருந்தான். மீன் என்றால் சோபி. வலை என்றால் லகடு. வா என்றால் தெம். தமிழ் வாடையோ தெலுங்கு வாடையோ அடிக்கக் கூடாது. புதுச் சொல்லைக் கரையில் வலை உலர்த்தும்போது அவன்தான் வைப்பான். அப்படியிருந்தும் அதே ஊர்ப் பொன்னுரங்கத்தின் படகு எப்போதும் தற்செயலாக அந்தப் பக்கம் வந்துவிடும். அவனுக்கு அதிர்ஷ்டம் என்று கோதண்டம் நினைத்திருந்தான்.

"சோபி! லகடு தெம்!" என்று கத்தி, இடத்தையும் பாஷையின் எண்களிலேயே சொன்னான்.

"தெம்தான்," என்றான் கங்காதரன். "ஆனா அது செத்துப் போச்சு."

"எது?"

"அதான்யா, வழி காட்றது."

"தமிழ்ல பேசாத மச்சான்!"

"வேற எதுல பேசறது? அதுக்குப் பேரு வைக்கிறேன்னு சொல்லிக்கினே கீற. வச்சியா?"

வைக்கவில்லை. யோசிக்காமல் இல்லை. எதை வைத்தாலும் ஏதோ குலதெய்வத்தின் பேர் போலவே வந்தது.

"ஜிபிஎஸ்னே சொல்லித் தொலைண்ணே," என்றான் படகில் கூட இருந்த சகாதேவன். "கூட்டம் நவுருது."

"சொன்னா பாஷை இன்னாத்துக்குடா?"

கோதண்டம் கண்ணை மூடினான். முதல் தடவையாகக் கடலிலேயே ஒரு சொல்லை வைத்தான்.

"மச்சான், இனிமே அது தூனிக்."

வாக்கியில் மூன்றாவது குரல் குறுக்கிட்டது. பொன்னுரங்கம்.

"தூனிக்கா? த்தூ. காதால கேக்க முடியல நைனா. நாங்க அதுக்கு மிரகோன்னு வச்சி எவ்ளோ நாளாச்சு."

கோதண்டம் கண்ணைத் திறந்தான். "நாங்கன்னா யாரு?"

"ஊருதான். நீ டெய்லி சோபி சோபின்னு கத்துவ, நாங்க காதப் பொத்திக்கினு குந்தினு இருப்பமா? பேட்டரிக்கு வெபு. செல்லுக்கு லாமிட்டு. நீ வைக்கிற வரைக்கும் யாரு காத்துனு இருக்கிறது?"

பிறகு குரலை மாற்றிக்கொண்டான். "கங்காதரா, மிரகோ வெபு பூட்ச்சா?"

"ஆமா, வெபுதான் பூட்ச்சி," என்றான் கங்காதரன், பிறந்ததிலிருந்து பேசியவன் மாதிரி.

"எம் பின்னாலயே தெம்."

தெற்கேயிருந்து படகுகள் வரிசையாக வந்தன. கடைசியில் மச்சான். எல்லோரும் வளைத்தார்கள். கூட்டம் சிக்கியது, எல்லோருடைய வலையிலும்.

கோதண்டம் தன் பங்கைப் பெட்டியில் கொட்டினான். பிறகு வாக்கியை எடுத்தான்.

"பொன்னுரங்கம், சார்ஜருக்கு இன்னா வச்சிக்கீறீங்க?"

வாக்கியில் கொஞ்சம் கரகரப்பு.

"அதுக்கு வைக்கல நைனா. உனக்குன்னு விட்டு வச்சிக்கீறோம். தூனிக் மாதிரி வைக்காத."