பேர்ணடெட் தெரிவுசெய்த துவக்கு

சில்வெஸ்ரர் தன் சொந்தத் துவக்கால் சுட்டால் சுடுகிற இடத்தில் சத்தம் கேட்காது. மனுரேவாவில் அவருடைய குடும்பம் வாடகைக்கு இருந்த வீட்டில்தான் கேட்கும். 1993ஆம் ஆண்டு ஒக்ரோபரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மதியச் சாப்பாடும் ஆன பிறகு இது தொடங்கியது. ஒக்லாந்துக்குத் தெற்கே மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவில் இருந்த சூட்டுக் கழகத்தில், இயந்திரம் வானத்தில் எறிந்த களிமண் தட்டு தூளாகச் சிதறியதை அங்கே நின்றவர்கள் கண்டார்கள். குழல் வாயில் புகையையும் கண்டார்கள். சத்தம்தான் வரவில்லை. தோட்டாவில் பிழை என்று பெட்டியை மாற்றினார்கள், பிறகு காதில் பிழை என்று ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பார்த்தார்கள், பிறகு அடுத்த ஆளின் முறை வந்துவிட்டதால் அதை விட்டுவிட்டார்கள். அதே நேரத்தில் சில்வெஸ்ரரின் மனைவி பேர்ணடெட் வீட்டின் பின்புறம் துணி காயப்போட்டுக்கொண்டு நின்றாள். கூரைக்கு மேலே பனை உயரத்தில் ஒரு வெடி கேட்டது. வானத்தில் ஒன்றுமில்லை. அவள் ஈரத் துணியோடு நிலத்தில் படுத்திருந்தாள். எப்போது படுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

துவக்கு அந்த வீட்டுக்கு வந்தது அவள் விருப்பத்தில் அல்ல, ஆனால் அவள் வாயால்தான் வந்தது. அவர்கள் மன்னாரைச் சேர்ந்தவர்கள். 1990இல் படகேறி, மண்டபம் முகாமில் ஒன்றரை வருடம் இருந்து, பேர்ணடெட்டின் அக்கா பொறுப்பெடுத்ததால் நியூசிலாந்துக்கு வந்தவர்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வரைபடம் கீறிய சில்வெஸ்ரர் இங்கே காட்போட் பெட்டித் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். வேலையால் வந்தால் காரை விட்டு இறங்க மாட்டார். கராஜுக்குள் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி இருப்பார். வந்த முதல் மாரியில் ஒரு பின்னேரம் கராஜ் கதவு மூடியிருக்க உள்ளே எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்டது. பேர்ணடெட் ஓடிப்போய்க் கதவைத் தூக்கினாள். புகை வெளியே போனது. அவர் இறங்கி வந்து கை கழுவிவிட்டுச் சாப்பிட்டார். அதைப் பற்றி இருவரும் ஒரு சொல் கதைக்கவில்லை.

அடுத்த வருடம் ஃபோர்மன் கொலின் அவரைச் சூட்டுக் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். இயக்கமும் அரசாங்கமும் மாறி மாறித் துவக்குகளை வாங்கிக்கொண்டு போன காலத்துக்கு முன்பு, கட்டுக்கரைக் குளத்தில் தாரா சுட்டுப் பழகிய கை அது. இரவல் துவக்கால் அவர் தட்டுகளை உடைத்துக்கொண்டே போக, பின்னால் ஆட்கள் கூடிவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, கேளாமலே அரிசி கழுவி உலையில் போட்டார். காரில் இருக்கவில்லை.

சொந்தத் துவக்கு வாங்க அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்கு ஒரு பொலிஸ் அதிகாரி வீட்டுக்கு வந்து, மனைவியைத் தனியே விசாரிப்பது இந்த நாட்டு வழக்கம். அதிகாரி சில்வெஸ்ரரை முற்றத்துக்கு அனுப்பிவிட்டுக் குசினிக் கதவைச் சாத்தியபோது பேர்ணடெட் யன்னலால் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய ஊரில் அப்படிப் பிரித்து விசாரிக்கப்பட்டவர்களில் ஒருவர் திரும்பி வருவதில்லை. கணவர் கோபக்காரரா, குடிப்பவரா, எப்போதாவது தன் உயிருக்குத் தீங்கு செய்ய முயன்றாரா, வீட்டில் துவக்கு இருப்பது உங்களுக்குச் சம்மதமா என்று அதிகாரி கேட்டான். நல்ல மனுசன், கோயிலுக்குப் போகிறவர், ஒரு பிரச்சினையும் இல்லை என்றாள். சோதனைச் சாவடிகளில் சிங்களத்தில் சொல்லிச் சொல்லிப் பாடமாகியிருந்ததைத்தான் ஆங்கிலத்தில் சொன்னாள். வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் யாருக்கும் ஒரு தண்டனையும் கிடையாது என்று அதிகாரி தன்மையாகச் சொன்னான். அது பொறி என்று அவளுக்குத் தெரியும். நல்ல மனுசன், என்று இன்னொருமுறை சொன்னாள்.

ஒனிஹங்காவில் துவக்குக் கடை வைத்திருந்த கிழவர் மூன்றை எடுத்து மேசையில் வைத்தார். குழல் அளவில் இருபது கேஜ் இரண்டு வேலைக்கும் உதவும், தட்டும் உடைக்கலாம், காட்டில் பெசன்ற் கோழியும் விழுத்தலாம், தோட்டா எங்கேயும் கிடைக்கும். இருபத்தெட்டு கேஜ் கையில் இறகு மாதிரி, தோளில் இடிக்காது, ஆனால் தோட்டாவைத் தேடி அலைய வேண்டும். ஃபோர்டென், அதாவது நானூற்றுப்பத்து, மெல்லிய குழல். அதைச் சின்னப் பிள்ளைகளுக்கான துவக்கு என்று வாங்கிக்கொண்டு போகிறார்கள், உண்மையில் அது கைதேர்ந்தவனுக்கு உரியது, ஈயச் சன்னம் கொஞ்சம்தான் போகும், சற்றுப் பிசகினால் பறவை சாகாது, காயத்தோடு போய்விடும். சில்வெஸ்ரர் இருபதை எடுத்துக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் விளக்கம் சொன்னார்.

“இருபதெண்டால் அந்த இரவல் பன்னிரண்டை விடப் பெரிசெல்லோ?” என்றாள் பேர்ணடெட்.

“இல்லையப்பா. நம்பர் கூடக்கூடக் குழல் சிறுக்கும். இருபத்தெட்டு இதைவிடச் சின்னன்.”

“அப்ப அந்த நானூற்றுப்பத்து?”

“அது எல்லாத்திலும் சின்னன். அது வேற அளவு.”

“எங்கட சங்கக்கடை மனேச்சர் எழுதின கணக்கு மாதிரியெல்லோ இருக்கு,” என்றாள். அவர் சிரித்தார். அவர் சிரித்துக் கன காலம் என்பதால் அவளும் சிரித்தாள்.

இருபது கேஜ் முழுத் தெருவுக்கும் கேட்டது. அவர் கழகத்துக்குப் போன நேரங்களில் மட்டும் கேட்டதால், அது யாருடைய வெடி என்று பேர்ணடெட் மட்டுமல்ல, தெருவே கணக்குப் போட்டுக்கொண்டது. பக்கத்து வீட்டுச் சமோவாக் குடும்பம் இரண்டு ஞாயிறு பொறுத்துவிட்டுப் பொலிசைக் கூப்பிட்டது. இரண்டு பொலிஸ்காரர்கள் வந்து வீட்டில் துவக்கு இல்லை என்று உறுதிப்படுத்தி, துணிக்கொடிக்குக் கீழே நின்று, தங்கள் தலைக்கு மேலே அது வெடிப்பதைக் காதால் கேட்டார்கள். சுட்டவர் அனுமதிக்கப்பட்ட இடத்தில் நின்று சுடுவதால் தங்களுக்கு இதில் வேலை இல்லை என்று நகரசபையின் இரைச்சல் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். அங்கிருந்து வந்த ஆள் இரவு பத்து மணிக்கு மேல் சுட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தான். இரண்டு தெரு தள்ளி இருந்த யாழ்ப்பாணத்து வசந்தமலர் வழியில் மறித்து, “உங்கட மனுசன்ர வெடியில எங்கட சாமிப்படம் சரிஞ்சு போச்சு. தட்டைச் சுடுறாரோ, எங்களைச் சுடுறாரோ?” என்று கேட்டாள்.

இதையெல்லாம் பேர்ணடெட் தாங்கியிருப்பாள். மகள் றொஷானிக்கு அப்போது ஐந்து வயது. படகில் வந்தபோது இரண்டு வயது. ஒன்றும் ஞாபகம் இருக்காது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மூன்றாவது ஞாயிறு, தகப்பன் கார்த் திறப்பை எடுத்ததும், பிள்ளை சப்பாத்தைப் போட்டு நாடாவையும் கட்டிக்கொண்டு, தண்ணீர் இல்லாத குளியல் தொட்டிக்குள் ஏறிப் படுத்துக் காதைப் பொத்திக்கொண்டது. ஏன் சப்பாத்து என்று தாய் கேட்க, ஓட வேண்டி வந்தால் என்றது.

அன்று பின்னேரம் பேர்ணடெட் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நம்பினார். சத்தம் இல்லாத துவக்கோடு நின்றவருக்கு அது எங்கே போகிறது என்று தெரிந்தது ஒருவகையில் ஆறுதலாகவும் இருந்தது.

“நீர்தானே பொலிசுக்கு ஓமெண்டு சொன்னனீர்?” என்றார்.

“பொலிசுக்கு வேற என்னத்தைச் சொல்லுறது?”

அவர் மேசையில் கிடந்த கார்த் திறப்பைக் கையில் எடுத்தார். பிறகு, “சரி, விட்டுடுறன்,” என்று சொல்லிவிட்டு எழுந்து கராஜுக்குப் போனார். கார்க் கதவு சாத்தப்படுகிற சத்தம் கேட்டது. பேர்ணடெட் சோற்றை அடுப்பிலேயே விட்டுவிட்டுப் போய்க் காரின் கண்ணாடியைத் தட்டினாள். “இஞ்சருங்கோ, இறங்குங்கோ. வேற துவக்கு பாப்பம்.”

இருபத்தெட்டு கேஜ் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. சத்தம் குறைந்தது உண்மை, ஆனால் கிட்ட வந்துவிட்டது. இப்போது அது ஹோலுக்குள், ரெலிவிசனுக்கும் சோபாவுக்கும் நடுவில் வெடித்தது. தெருவுக்குக் கேட்கவில்லை. சமோவாக் குடும்பம் கேக் கொண்டுவந்து கொடுத்தது. வசந்தமலர், மனுசன் திருந்திவிட்டார் என்று பேர்ணடெட்டைப் பாராட்டினாள். சில்வெஸ்ரர் வீட்டுக்கு வந்ததும் மீன் எப்படி என்று கேட்பதுபோல, “எப்பிடி?” என்று கேட்பார். “பரவாயில்லை,” என்பாள் பேர்ணடெட். ஹோலில் வெடிமருந்து மணம் நின்றது, திரைச்சீலைகள் பழுப்பேறின. றொஷானி ஞாயிறு மட்டுமல்ல, எல்லா நாளும் தொட்டியில் படுக்கத் தொடங்கினாள். சாப்பாட்டையும் அங்கேதான் கேட்டாள். பள்ளிக்கூட மணி அடித்தால் மேசைக்குக் கீழே போகிறாள் என்று ஆசிரியை சொல்லி அனுப்பினார். கழகத்திலோ சில்வெஸ்ரர் கிண்ணம் ஒன்று வென்றிருந்தார். தொழிற்சாலையில் வெள்ளைக்காரர்கள் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். ஒரு பக்கம் தொட்டியும் மறுபக்கம் கராஜுமாக, நடுவில் குசினியில் நின்று பேர்ணடெட் யோசித்தாள். பெரிய குழல் ஊருக்குக் கேட்கிறது, அதைவிடச் சின்னது வீட்டுக்குக் கேட்கிறது என்றால், மிகச் சின்னது யாருக்குக் கேட்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

1995இல் அவளே கணவரோடு ஒனிஹங்காவுக்குப் போய் ஃபோர்டெனைக் கைகாட்டினாள். கடைக்காரர் அவளைத் தடுத்துப் பார்த்தார். தட்டுக்குச் சரி, பறவைக்கு இதைக் கொண்டுபோக வேண்டாம் என்றார். கடை வாசலில் வைத்து அவள் கணவரிடம் சத்தியம் வாங்கினாள்.

“தட்டு மட்டும். உயிர் ஒண்டையும் இதால சுடக்கூடாது.”

“ஓம்.”

“பிள்ளையில ஆணையா?”

“ஓமப்பா, பிள்ளையில ஆணை.”

ஃபோர்டென் அவளுக்குள் வெடித்தது. இடது விலாவுக்குக் கீழே, சுவாசம் முட்டுகிற இடத்தில், பலகையில் விரல் முட்டியால் தட்டுவது போன்ற ஒரு சின்னச் சத்தம். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்; முடிந்ததும் அடுப்பை மூட்டுவாள். மன்னாரில் அவளுடைய தம்பி றொய்ஸ்டனை ஒழுங்கை முடிவில் வைத்துச் சுட்டபோது அவள் குசினியில்தான் நின்றாள். அந்த வெடியும் இவ்வளவு சின்னதாகத்தான் கேட்டது. அதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. றொஷானி இரண்டு மாதத்தில் தொட்டியை விட்டு வெளியே வந்தாள், பிறகு சப்பாத்தைக் கழற்றினாள், பிறகு மற்றப் பிள்ளைகளைப் போலத் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் மறுமொழி சொன்னாள். சத்தமில்லாத மெல்லிய துவக்கால் ஒரு தட்டும் தவறாமல் உடைக்கிற மனிதரைப் பார்க்க ஹமில்ற்றனிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

1996 யூனில், பெசன்ற் பருவத்தில், கொலின் அவரைக் கைப்பாராவுக்குப் பக்கத்தில் இருந்த பைன் காட்டுக்குக் கூப்பிட்டான். சில்வெஸ்ரர் இரண்டு தரம் மறுத்தார், மூன்றாம் தரம் போனார். கையில் இருந்தது ஃபோர்டென் மட்டும்தான். அன்றைக்கு ஒரேயொரு சேவல் எழும்பியது. பெரிய பறவை, நீண்ட வால், செம்புநிற நெஞ்சு. அவர் சுட்டார். அது காற்றில் ஒருமுறை தடுக்கி, ஒரு காலைத் தொங்கவிட்டபடி கோர்ஸ் முட்பற்றைக்கு அப்பால் போய் இறங்கியது. நாயை விட்டார்கள், முட்களுக்குள் தவழ்ந்தார்கள், பொழுது சாயும்வரை தேடினார்கள். கிடைக்கவில்லை.

வீட்டில் பேர்ணடெட் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெடி வந்தது, போகவில்லை. சற்று இடைவெளி விட்டு அதே வெடி மறுபடி வந்தது, பிறகு மறுபடி. சில்வெஸ்ரர் வந்து வழக்கம்போல, “எப்பிடி?” என்றார்.

“எங்க போனனீங்கள் இண்டைக்கு?”

அவருடைய காற்சட்டை முழுக்க முள்.

“செத்ததோ?” என்றாள்.

“தெரியேல்ல.”

“எனக்குத் தெரியும்,” என்றாள் பேர்ணடெட். “சாகேல்ல.”

திங்கட்கிழமை அவர் துவக்கைக் கடையில் திருப்பிக் கொடுத்தார். உள்ளே தட்டுவது நிற்கவில்லை. மருத்துவர் குழாயை வைத்துக் கேட்டு, ஆம், கேட்கிறது என்று ஒப்புக்கொண்டார். இதயத்தில் பிழை இல்லை, கூடினால் வந்து காட்டுங்கள் என்றார். சில்வெஸ்ரர் ஞாயிற்றுக்கிழமைகளில் வெறுங்கையோடு அந்தக் காட்டுக்குப் போகத் தொடங்கினார். முட்களை விலக்கி விலக்கி ஒவ்வொரு பற்றையாகப் பார்த்து, கையெல்லாம் கீறலோடு இருட்டுப்பட வருவார். ஒரு பெசன்ற் அவ்வளவு காலம் உயிரோடு இருக்காது என்று கொலின் சொல்லிப் பார்த்தான். அவர் மனைவியின் விலாவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு மறுபடி போனார். காரிலிருந்து அவர் உடனே இறங்கிவிடுகிறார் என்பதால் பேர்ணடெட் தடுக்கவில்லை. சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். அவள் வேலை செய்த முதியோர் இல்லத்திலும் பழகிவிட்டார்கள். தேவாலயத்தில் சமாதானம் சொல்லி அணைக்கிற பெண்கள் சற்று நின்று, ஒன்றிரண்டு தரம் அது தட்டுவதைக் கேட்டுவிட்டு விலகினார்கள்.

1997 பள்ளிக்கூட விடுமுறையில் பேர்ணடெட் மகளையும் கூட்டிக்கொண்டு, அவளுக்குச் சப்பாத்து வாங்க ரயில் மாறி நியூ லின்னுக்குப் போனாள். மத்தியான வெயில். ஒன்பது வயதுப் பிள்ளை தாயின் இடது பக்கம் சாய்ந்து, விலாவில் காதை வைத்தது. “அது இன்னும் தட்டுது, அம்மா,” என்றாள் ஆங்கிலத்தில், மழை இன்னும் பெய்கிறது என்பதுபோல.

“உனக்குப் பயமா இருக்கோ?” என்று பேர்ணடெட் கேட்டாள்.

பயமா, எதற்கு என்று பிள்ளை தலையைத் தூக்கிப் பார்த்தது. அது இல்லாத இடத்தில் தனக்கு நித்திரை வருவதில்லை என்றது, பெரியம்மா வீட்டில் போய் நின்றபோதுகூட வரவில்லை என்றது. பிறகு காதைப் பழைய இடத்தில் வைத்துக் கண்ணை மூடி, அடுத்த வெடி வருவதற்கு முன்பே தூங்கிவிட்டது. பேர்ணடெட் அசையாமல் இருந்தாள். நியூ லின் வந்ததும் அவளை எழுப்பினாள். இருவரும் இறங்கிச் சப்பாத்துக் கடைக்குப் போனார்கள்.