துரைக்கு ஒரு ஹீட்டர்

குளிர்காலம் தொடங்கியதும் துரை மேலே வருவதை நிறுத்திவிட்டான்.

துரை ஒரு ஃபைட்டர் மீன். நீல உடம்பு, சிவப்புத் துடுப்பு, ஊர்ச் சொத்து முழுக்கத் தன் பெயரில் இருப்பது போன்ற ஒரு மிதப்பு. அதனால்தான் அந்தப் பெயர். தொட்டிக்கு முன்னால் யார் முகம் வந்தாலும் செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்கு நிற்பான். கண்ணாடியில் தன் முகமே தெரிந்தாலும் விடமாட்டான். அப்படிப்பட்டவன் இப்போது துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு கூழாங்கற்கள் மேல் படுத்துக் கிடந்தான். தீனி போட்டால் அது அவன் முதுகைத் தாண்டி இறங்கி அடியில் ஊறியது.

அவனை வளர்த்தவள் ஒரு பஸ் டிரைவர். காலை ஷிப்டு முடித்து வந்தவள் காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். குழாய்த் தண்ணீரைவிட ஜில்லென்று இருந்தது. அவளுடைய அறை வீட்டின் பின்பக்கம். வெயில் எட்டிப் பார்க்காத அறை. ஜன்னல் கதவு ஒன்று எப்போதும் சரியாகச் சாத்தாது.

சாப்பிட உட்கார்ந்தபோது பேச்சை எடுத்தாள்.

"துரைக்கு ஒரு ஹீட்டர் வாங்கலாம்னு இருக்கேன்."

அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "மீனுக்கு ஹீட்டரா? அடுத்து ஸ்வெட்டர் பின்னிப் போடுவியா?"

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கரண்டியை எடுத்தாள்.

"தண்ணி ரொம்பக் குளிருது அண்ணா. அது வெதுவெதுப்பான தண்ணில வாழற மீனு. இப்படியே விட்டா செத்துடும்."

"சரி சரி, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத. நான் பாத்து வாங்கிட்டு வரேன்."

"வேண்டாம். நானே வாங்கிக்கறேன்."

"உனக்கு என்ன பாப்பா தெரியும் அதெல்லாம்? கரண்டு சமாச்சாரம். நான் பாத்துக்கறேன், நீ சாப்பிடு."

நாற்பதைத் தாண்டியவளை அவர் இன்னமும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார். அறுபது பேரை ஏற்றிக்கொண்டு சந்தை நெரிசலுக்குள் பஸ்ஸை ஓட்டிவிட்டு வந்தவளுக்குக் கரண்டு சமாச்சாரம் தெரியாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கெட்டவர் அல்ல. அப்பா போன பிறகு குடும்பத்தை இழுத்துக்கொண்டு வந்தவர். அவள் என்ன படிக்க வேண்டும் என்று அவர்தான் பார்த்தார். மாப்பிள்ளையையும் அவர்தான் பார்த்தார். "விசாரிச்சுட்டேன், தங்கமான பையன்" என்றார். அந்தத் தங்கமான பையன் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போவான். சில வருஷம் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக் கொண்டிருந்தவள், ஒரு நாள் அவன் பூட்ட மறந்துபோன நேரத்தில் ஒரே ஒரு பையோடு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அண்ணன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பின்னறையை ஒழித்துக் கொடுத்தார். அதை அவள் மறந்ததே இல்லை. ஆனால் அறையைக் கொடுத்த கையோடு, எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்துவிட்டார். டிரைவர் வேலைக்கு அவள் மனு போட்டது மட்டும் அவருக்குத் தெரியாமல் நடந்தது. தெரிந்தபோது வேலை கிடைத்துவிட்டிருந்தது. முதல் சம்பளத்தில் அவள் வாங்கியது அந்தத் தொட்டிதான். எவரிடமும் காட்டி, "நல்லா இருக்கா?" என்று கேட்காமல் வாங்கிய முதல் பொருள்.

மறுநாள் ஷிப்டு முடிந்ததும் அவள் வண்ண மீன் கடைக்குப் போனாள். கடைக்காரி சின்னப் பெண்தான்; முழங்கை வரை ஈரமாக இருந்தாள்.

"தொட்டி எவ்ளோ பெருசுக்கா?"

"சின்னதுதான். ரெண்டு குடம் தண்ணி பிடிக்கும்."

"ரூம் எப்படி? கதகதன்னு இருக்குமா?"

"ஐஸ் பெட்டி மாதிரி இருக்கும்."

கடைக்காரி மூன்று ஹீட்டர்களை எடுத்து மேஜையில் வைத்தாள். முதலாவது தட்டையாக, உள்ளங்கை அகலத்தில் இருந்தது. திருக ஒரு பொத்தானும் கிடையாது. "இது இருபத்தஞ்சு வாட். சின்னத் தொட்டிக்கு நல்லதுதான், ஆனா உங்க ரூம் குளிருக்குத் திணறும்." இரண்டாவது முழ நீளக் கண்ணாடிக் குழாய். "இது பெரிய தொட்டிக்கு. உங்களுதுல போட்டா ரசம் வெச்சுடலாம்." மூன்றாவது சாண் நீளம்தான். தலையில் ஒரு திருகு, அதில் எண்கள். உடம்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் கூடு.

"கூடு எதுக்கு?"

"ஃபைட்டருக்கு வால் நீளம் இல்லையா? குளிர்ல ஹீட்டர் மேலயே சாய்ஞ்சு படுத்துக்கும். கண்ணாடி சுட்டுச்சுன்னா வால் கருகிடும். கூடு இருந்தா பயமில்ல. இது அம்பது வாட். நீங்க வெச்ச சூடு வந்ததும் தானா அணைஞ்சுடும், குறைஞ்சா தானா எரியும்."

அவள் மூன்றையும் மாற்றி மாற்றிக் கையில் எடுத்துப் பார்த்தாள். ஒயரின் நீளத்தை இழுத்துப் பார்த்தாள். தண்ணீருக்கு மேல் தலை நீட்டிக்கொண்டிருக்கும்படி வைக்கலாமா, முழுசாக முங்க வேண்டுமா என்று கேட்டாள். தண்ணீர் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். கடைக்காரி சலிக்காமல் பதில் சொன்னாள். பின்னால் காத்திருந்த ஒருவர் தொண்டையைக் கனைத்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவசரப்படுத்த ஆளில்லாமல் ஒரு பொருளைத் தேர்ந்தெடுப்பதில் இவ்வளவு சுகம் இருக்கிறது என்பது அவளுக்குப் புதிதாக இருந்தது.

"இந்த மூணாவதுதான்," என்றாள்.

"இது பார்வைக்கு வெச்ச பீஸ், திருகு கொஞ்சம் லூசு. புதுசு நாளைக்கு வந்துடும். எடுத்து வெக்கறேன்க்கா. கூடவே தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிக்குங்க. ஹீட்டர் சொல்றத அப்படியே நம்பக் கூடாது."

அந்த ஒரு நாளைக்குள்தான் எல்லாம் நடந்தது.

மறுநாள் அண்ணனுக்கு விடுமுறை. அவள் டெப்போவிலிருந்து நேராகக் கடைக்குப் போய், ஹீட்டரையும் தெர்மாமீட்டரையும் வாங்கிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி பையை ஆட்டியபடி வீட்டுக்கு வந்தாள். அண்ணி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். முகம் சரியில்லை.

"நான் வேணாம்னுதான் சொன்னேன்," என்றாள் அண்ணி. "உங்க அண்ணன் எங்க கேக்கறாரு."

அவள் ஓடிப் போய்த் தன் அறைக் கதவைத் திறந்தாள். தொட்டியின் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. உள்ளே, மூலைக்கு மூலை சாய்த்துத் திணித்தது போல, ஒரு பெரிய கண்ணாடிக் குழாய். அதில் திருகும் இல்லை, எண்ணும் இல்லை. துரை மேற்பரப்பில் வாயைப் பிளந்து பிளந்து காற்றை இழுத்துக்கொண்டிருந்தான். நீலம் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது.

முதலில் பிளக்கைப் பிடுங்கினாள். பிறகு தண்ணீரில் கை வைத்தாள். குளிக்க விளாவிய வெந்நீர் மாதிரி இருந்தது.

அண்ணி குளிர்ந்த தண்ணீரைச் செம்போடு கொண்டு ஓடி வந்தாள். "ஊத்திடாதீங்க அண்ணி! ஒரேயடியா குளிர வெச்சா அதுலயே போயிடும்." மூடியை எடுத்துவிட்டு, அறையில் இருந்த வாளித் தண்ணீரைக் குவளையால் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு விட்டாள். ஒரு குவளை விடுவது, ஒரு குவளை எடுப்பது, பொறுத்திருப்பது. அண்ணி விசிறியால் வீசினாள். ஒரு மீனுக்கு விசிறிக்கொண்டு நிற்கிறோம் என்பது இருவருக்கும் தெரிந்தே இருந்தது. சிரிப்பு மட்டும் வரவில்லை.

துரை மெல்ல மெல்ல வாய் பிளப்பதைக் குறைத்தான். சாகவில்லை. அதற்கு மேல் எதுவும் சொல்வதற்கில்லை.

கூடத்தில் அண்ணன் அப்போதுதான் பகல் தூக்கம் கலைந்து எழுந்திருந்தார். அவள் அந்தக் கண்ணாடிக் குழாயைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"என்ன, கழட்டிட்ட? நம்ம சிநேகிதன் கடையில சொல்லி வாங்கிட்டு வந்தது. இருநூறு வாட். சீக்கிரம் சூடாகும்."

"ஆச்சு. வெந்து போச்சு."

"செத்துடுச்சா?"

"இல்ல. ஆனா நான் இன்னும் கொஞ்சம் தாமதமா வந்திருந்தா செத்திருக்கும். சொருகிட்டுப் போய்ப் படுத்தீங்களே, ஒரு தடவையாவது கையை விட்டுப் பாத்தீங்களா?"

"நல்லதுக்குத்தானே செஞ்சேன் பாப்பா. இதுக்குப் போய்..."

"அன்னைக்கும் நல்லதுக்குத்தான் செஞ்சீங்க அண்ணா. விசாரிச்சேன், விசாரிச்சேன்னு சொன்னீங்க. யாரை விசாரிச்சீங்க? அவன் அப்பாவ, அவன் முதலாளிய, அவன் தெருக்காரங்கள. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அண்ணி சமையலறை வாசலில் அசையாமல் நின்றாள். பதினாறு வருஷமாக யாரும் எடுக்காத பேச்சு அது. அண்ணனின் முகம் முதலில் வெளிறி, பிறகு சிவந்தது.

"ஓஹோ. ஒரு மீனுக்காக அதையெல்லாம் கிளறுறியா? நான் சோறு போட்டு, இடம் கொடுத்து..."

"கொடுத்தீங்க. இல்லைன்னு சொல்லல. ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். ஆனா கொடுத்தீங்கங்கறதுக்காக என் கையில இருக்கறதப் புடுங்கிக்க முடியாது." பையிலிருந்த சாண் நீள ஹீட்டரை எடுத்துக் காட்டினாள். "இத நான் பாத்து எடுத்தேன். இதைத்தான் போடப் போறேன்."

"என் வீட்டு பிளக்குல அது ஏறாது."

சொன்னவருக்கே அது கொஞ்சம் அதிகமாகப் பட்டிருக்க வேண்டும். துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். அவள் அழுவாள் என்று அண்ணி எதிர்பார்த்தாள். அவளும் அதைத்தான் தன்னிடம் எதிர்பார்த்தாள். ஆனால் கண் வறண்டுதான் கிடந்தது. நெஞ்சுக்குள் ஏதோ கியர் சரியாக விழுந்தது போல இருந்தது.

"சரி," என்றாள். "அப்போ பிளக்கு இருக்கற இடத்துக்குப் போறேன்."

டெப்போவுக்குப் பின்னால் ஊழியர் குடியிருப்பு இருந்தது. மழைக்காலத்திலேயே அவளுக்கு ஓர் அறை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். "தனியா ஒரு பொம்பள அங்க என்ன பண்ணுவா" என்று அண்ணன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார், அவளும் தலையாட்டிவிட்டாள். இப்போது தன்னுடைய பஸ்ஸின் கண்டக்டருக்குப் போன் செய்தாள். அவளைவிட மூத்த பெண்மணி, குடியிருப்பிலேயே இருப்பவள்.

"அக்கா, அந்த ரூம் இன்னும் காலியாத்தான் இருக்கா?"

"சாவி என்கிட்டதான் இருக்கு டிரைவரம்மா. எப்ப வர்றீங்க?"

"இப்பவே."

கண்டக்டர் ஏன் என்று கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் சின்ன வேனை எடுத்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் வந்து நின்றாள்.

துரையை மூடி போட்ட டப்பாவில் அவன் தண்ணீரோடே எடுத்துத் துணியால் சுற்றினாள். துணிமணி ஒரு பெட்டியில் அடங்கியது. காலித் தொட்டியைத் தூக்கப் போனபோது அண்ணி முந்திக்கொண்டாள். இடுப்பில் குழந்தையைத் தூக்குவது போல அதை அணைத்துக்கொண்டு, கணவனைத் தாண்டி, வாசல் தாண்டி, வேன் வரைக்கும் போய் வைத்தாள்.

"ஏன்டி, எல்லாரும் சேந்துக்கிட்டீங்களா?" என்றார் அண்ணன்.

"கனமா இருக்கு. அவ தனியா தூக்க முடியாது," என்றாள் அண்ணி. அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் உள்ளே திரும்பிப் போகாமல், வேன் கிளம்பும் வரை தெருவிலேயே நின்றாள்.

வழி முழுக்க டப்பா அவள் மடியில் இருந்தது. பள்ளம் வரும்போதெல்லாம் கண்டக்டர், "ஏறினவங்க கம்பியப் பிடிச்சுக்குங்க!" என்று டப்பாவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். அன்றைக்கு முதல் தடவையாக அவள் சிரித்தாள்.

அறை சின்னது. சுவரில் பழைய ஆணிகள், ஒரு மர மேஜை, மேஜைக்குப் பக்கத்திலேயே ஒரு பிளக். தொட்டியை வைத்துத் தண்ணீர் நிரப்பினாள். ஹீட்டரை முழுசாக முங்கும்படி பின்கண்ணாடியில் ரப்பரால் ஒட்டினாள். எதிர்மூலையில் தெர்மாமீட்டர். திருகைத் தன் கையால் திருப்பி, இருபத்தாறு டிகிரியில் நிறுத்தினாள். சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. தண்ணீர் பக்குவத்துக்கு வந்த பிறகு துரையை டப்பாவோடு மிதக்கவிட்டு, அவசரப்படாமல் வெளியே விட்டாள். அவன் நேராகப் போய்ப் பிளாஸ்டிக் கூட்டின் மேல் சாய்ந்துகொண்டான்.

இரண்டு நாள் அவன் ஒன்றும் தின்னவில்லை. வால் ஓரம் கொஞ்சம் கிழிந்து உதிர்ந்தது. மூன்றாம் நாள் காலை அவள் தலை சீவிக்கொண்டு தொட்டியில் முகம் பார்த்தபோது, எதிரில் ஒரு சாம்பல் நிற மீன் செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்கு நின்றது. அவள் சீப்பைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினாள். அடுத்த அறையிலிருந்து கண்டக்டர் ஓடி வந்து, விஷயம் தெரிந்ததும், "இதுக்கா? நான் குழாயில தண்ணி வந்துடுச்சோன்னு நெனச்சேன்!" என்று சலித்துக்கொண்டு போனாள்.

குளிர் விடும் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். அண்ணி கொடுத்தனுப்பிய போர்வை கையில் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து அறையைச் சுற்றிலும் பார்த்தார். மேஜை ஜன்னலுக்குக் கீழே இருப்பது சரியில்லை என்றார். கட்டிலை இந்தப் பக்கம் திருப்பினால் நடக்க இடம் கிடைக்கும் என்றார்.

"எனக்கு இப்படியே நல்லா இருக்கு அண்ணா."

அவர் எழுந்து தொட்டியருகே போனார். துரை விறைத்துக்கொண்டு அவர் முகத்துக்கு நேரே வந்தான். அவர் ஹீட்டரைப் பார்த்தார். அவர் கை தானாக அந்தத் திருகை நோக்கிப் போனது.

"தொடாதீங்க."

குரலை உயர்த்தவில்லை. பஸ்ஸில் படியில் தொங்குகிறவர்களிடம் சொல்லும் அதே குரல்தான். அண்ணன் கையை இழுத்துக்கொண்டார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் விட்டுக்கொண்டார்.

"எத்தனையில வெச்சிருக்க?" என்று கேட்டார். அவர் அவளிடம் ஒன்றைத் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டது அதுவே முதல் தடவை.

"இருபத்தாறு."

"போதுமா அது?"

"போதும்," என்றாள். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள். "எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு. வாங்க, என் பஸ்லயே உங்கள வழியில இறக்கி விடறேன்."