அம்மாவின் கேசாதிபாதம்

அம்மாவுக்குப் பேச்சு போயிற்று, பாட்டு போகவில்லை.

பக்கவாதம் வலது கையையும் வலது காலையும் முடக்கிய கையோடு நாக்கையும் வாரிக்கொண்டு போய்விட்டது. பெற்ற பிள்ளைகளின் பெயர் வரவில்லை. தண்ணீர் என்ற ஒரு சொல் வரவில்லை. தலையாட்டுவதைக்கூட நம்ப முடியாது. வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் ஒரே ஆட்டம். அப்படிப்பட்டவள், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, போர்வைமேல் ஜன்னல் வெயில் விழுந்து கிடந்த நேரத்தில் வாயைத் திறந்து, ஓர் எழுத்து பிசகாமல், வடமொழியில் அம்மன் தோத்திரம் ஒன்றைப் பாடினாள். சமையலறையில் நின்ற மகள் பக்கத்து வீட்டு ரேடியோ என்று நினைத்தாள். பிறகுதான் குரல் உறைத்தது.

ஓடிவந்து பார்த்தால், அம்மா ஒரு சுலோகத்தை முடித்துவிட்டு அவள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள், எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவள் மாதிரி.

"என்னம்மா வேணும்?"

அதே சுலோகம் மறுபடி. மறுபடி அதே பார்வை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் இதைக் கேட்டு ஆச்சரியப்படவே இல்லை. "பேச்சு மூளையில ஒரு பக்கம், பாட்டு இன்னொரு பக்கம். வருஷக்கணக்கா மனப்பாடமாச் சொன்னது தானா வரும். அதைப் பேச்சுன்னு எடுத்துக்காதீங்க."

"பாடிட்டு என்னைப் பாக்குறாங்களே?"

"எல்லா வீட்டுலயும் அப்படித்தான் சொல்வாங்க."

"எல்லா வீட்டையும் நான் கேக்கல. எங்க வீட்டைக் கேக்குறேன்."

முகத்தில் அடித்தாற்போல் பேசுவது மகளுக்குப் புதிதில்லை. அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். பட்டத்தோடு இந்த வாயையும் சேர்த்து வாங்கிவந்துவிட்டாள் என்று லாரி ஓட்டும் அண்ணன் சொல்வான். ஒரு கம்பெனியில் கணக்கெழுதும் அவளை அவன் கூப்பிடுவது 'புரபசர்' என்றுதான். அவன் படிப்பை நிறுத்தித்தான் இவளைப் படிக்க வைத்தார்கள் என்பதால், அந்தக் கேலியை மட்டும் அவள் வாய் மூடிக் கேட்டுக்கொள்வாள்.

அம்மாவின் வேலை சலவைக்கூடத்தில். ஹோட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வரும் விரிப்புகளைத் துவைத்து, கொதிக்கும் இஸ்திரி உருளைகளுக்குள் கொடுத்து, சுடச்சுட எடுத்து மடித்து அனுப்பும் இடம். அங்கிருந்த சூப்பர்வைசரம்மா ஷிஃப்ட் தொடங்கும்போது ஒரு கேசட் போடுவாள். மெஷின் சத்தத்தில் கேசட் கேட்காது. அதனால் பெண்கள் தாங்களே வாய்விட்டுப் பாடுவார்கள். அம்மாவுக்குக் கையெழுத்துப் போட வரும், அவ்வளவுதான் எழுத்து. ஆனால் அந்தத் தோத்திரம் முழுக்கக் காதாலேயே வந்து சேர்ந்தது. "அர்த்தம் என்னம்மா?" என்று மகள் எப்போதோ கேட்டதற்கு, "எனக்கென்னடி தெரியும்? நல்லதாத்தான் சொல்லியிருப்பாங்க" என்றாள்.

பிரச்சினை வெந்நீர்ப் பையில் தொடங்கியது. குளிருகிறதே என்று மகள் வைத்த பை, உணர்ச்சி மரத்த வலது காலில் கசிந்து, பாதம் கொப்பளித்துவிட்டது. அம்மா அப்போது பாடிக்கொண்டுதான் இருந்தாள். பார்க்க வந்த அண்ணன் அந்தக் கொப்புளங்களைப் பார்த்துவிட்டு வெளியே போய்ச் சுவரோடு சாய்ந்து நின்றான்.

"உன் லீவு முடியப்போகுது. நான் பாதி நாள் ரோட்டுல. உங்க அண்ணி ரெண்டு பிள்ளைங்களோட முழி பிதுங்கி நிக்கிறா. ஒரு ஆள வெச்சுப் பாத்துக்கலாம்னா, வலிக்குது, சுடுதுன்னு சொல்லவாவது தெரியணும். சொல்லத் தெரியலன்னா வந்த ஆளு என்ன செய்வா? முதியோர் இல்லத்துல சேத்துடலாம், புரபசர். அங்க நர்ஸ் இருக்காங்க."

"அம்மா சொல்லுது அண்ணா. நமக்குத்தான் புரியல."

"என்ன சொல்லுது?"

"கண்டுபிடிக்கிறேன். அடுத்த ஞாயித்துக்கிழம வா. அப்பவும் உனக்குப் புரியலன்னா கூட்டிட்டுப் போ."

அன்றே கடைக்குப் போய்த் தமிழ் உரையோடு அந்தத் தோத்திரப் புத்தகத்தை வாங்கினாள். உரை எழுதியவர் ஒரு சோம்பேறி. எந்தச் சுலோகத்தைப் புரட்டினாலும், 'உலக மாதாவே, உன் கடைக்கண் பார்வையால் சகல ஐசுவரியமும் தந்தருள்வாய்' என்றே முடித்திருந்தார். மூக்கைப் பற்றிப் பாடினாலும் ஐசுவரியம், முழங்காலைப் பற்றிப் பாடினாலும் ஐசுவரியம். "ஏன்யா, வாங்குற காசுக்கு ஒரு வரியாச்சும் மாத்தி எழுதக் கூடாதா?" என்று புத்தகத்தைத் திட்டிவிட்டு, மறுநாள் சொல்லுக்குச் சொல் பொருள் பிரித்த வேறொன்றை வாங்கிவந்தாள்.

அதில்தான் வெளிச்சம் கிடைத்தது. தோத்திரம் ஒரு கேசாதிபாதம். அம்மனின் கூந்தலில் தொடங்கி, நெற்றி, கண், உதடு, கழுத்து, கை என்று இறங்கி, பாதத்தில் போய் விழுகிற வர்ணனை. ஓர் அங்கத்துக்கு ஒரு சுலோகம்!

அப்படியென்றால் அம்மா உடம்பைச் சொல்கிறாள். உதட்டுச் சுலோகம் பாடினால் தாகம். பாதச் சுலோகம் பாடினால் கால். அவளுக்குப் பொருள் தெரியாதே என்று ஒரு குரல் உள்ளே நச்சரித்தது. யாராவது சொல்லியிருப்பார்கள், அந்தச் சூப்பர்வைசரம்மா சொல்லியிருப்பாள் என்று அந்தக் குரலின் வாயை அடைத்தாள்.

படிக்கப் படிக்க எரிச்சலாகவும் இருந்தது. தாயே தாயே என்று உருகிக்கொண்டே இடுப்பு எத்தனை மெலிசு என்று அளந்து பார்த்திருக்கிறான் பாடியவன். தாமரைத் தண்டு போன்ற கையாம், பூவைத் தவிர வேறொன்றும் தூக்கியறியாத கையாம். அம்மாவின் கையைப் பார்த்தாள். சூட்டுத்துணி பிடித்துப் பிடித்து விரல் நுனிகளில் ரேகையே இல்லை. அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் அந்தப் பூங்கையைப் பாடியிருக்கிறாள். கடைசிச் சுலோகம் பாடுவதால் வரும் பலனைச் சொன்னது: இதை நாள்தோறும் பாடுகிறவர் நாவில் சொல் ஊற்றாகச் சுரக்குமாம். மகள் புத்தகத்தைச் சுவரில் வீசி அடித்தாள். அட்டை கிழிந்தது. பிறகு எடுத்து, ஒட்டி, விட்ட இடத்திலிருந்து படித்தாள். வேறு போக்கிடம் ஏது?

ஆச்சரியம், பலித்தது. அம்மா உதட்டுச் சுலோகம் பாடினாள். மகள் நெஞ்சில் துண்டை விரித்து, கரண்டியால் தண்ணீர் ஊட்டி, துண்டை மடித்து எடுத்தாள். அம்மா அடுத்த சுலோகத்துக்குப் போனாள். பாதச் சுலோகம் பாடியபோது, புண்ணில் மருந்து போட்டு, போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். அம்மாவின் முகம் தெளிந்தது. சில வேளை பலிக்கவில்லைதான். கண்ணுக்கு மருந்து விட்டும் கண் சுலோகமே திரும்பத் திரும்ப வந்தது. ஆனாலும் பலித்ததுதான் அவள் மனசில் நின்றது. "என்கிட்ட பேசுறே இல்லம்மா?" என்று அம்மாவின் நெற்றியோடு நெற்றி வைத்து அழுதாள். அம்மா கழுத்துச் சுலோகம் பாடினாள்.

ஞாயிறு மதியம் அண்ணன் வந்தான். செருப்பைக் கழற்றும்போதே, "ஆரம்பிங்க புரபசர்" என்றான்.

அம்மா உதட்டுச் சுலோகம் எடுத்தாள்.

"பாரு, தாகம்." மகள் தண்ணீரோடு போனாள். துண்டு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அண்ணன் தன் கைக்குட்டையை அம்மாவின் மோவாய்க்கடியில் பிடித்துக்கொண்டான். அம்மா ஒரு வாய் குடித்தாள். மறுபடி உதட்டுச் சுலோகம்.

"இன்னும் தாகமா இருக்கும்."

இரண்டாவது கரண்டி கழுத்தில் வழிந்தது. மறுபடி அதே சுலோகம். உதட்டுக்கு வெண்ணெய் தடவினாள். பல் வலியோ என்று வாயைத் திறந்து பார்த்தாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, சற்று உரக்க, அதையே பாடினாள்.

"விடு" என்றான் அண்ணன் மெதுவாக.

"நீ சும்மா இரு! நேத்துகூடச் சொல்லுச்சு. அம்மா, சொல்லித் தொலையேம்மா! நாள் பூரா என்கிட்ட சொல்ற, இவன் வந்தா மட்டும் வாயில கொழுக்கட்டையா?"

கத்திவிட்டு மூச்சு வாங்க நின்றாள். அப்போதுதான் கவனித்தாள். அம்மா பார்ப்பது அவள் முகத்தை அல்ல. கொஞ்சம் கீழே, அவள் கைகளை. அம்மாவின் இடது கை போர்வையின் மூலையைக் கிள்ளிப் பிடித்து, நெஞ்சளவு தூக்கி, அப்படியே காத்திருந்தது.

சலவைக்கூடத்துக்கு மதியச் சோறு கொடுக்கப் போன நாட்களில் அவள் வாசலில் நின்று எத்தனையோ தடவை பார்த்த காட்சி அது. உருளையை விட்டு வரும் விரிப்பின் இந்த முனையில் அம்மா, அந்த முனையில் இன்னொருத்தி. அந்த இரைச்சலில் யாரும் யாரிடமும் பேச முடியாது. சுலோகம் முடிகிற இடத்தில் இருவரும் எதிரெதிரே வந்து மூலையோடு மூலை சேர்ப்பார்கள். ஒரு சுலோகத்துக்கு ஒரு மடிப்பு. எதிராளி வந்து சேராவிட்டால் அதே சுலோகத்தை இன்னொரு தடவை இழுப்பார்கள்.

துண்டை மடித்தது. போர்வையை இழுத்தது. பலித்ததெல்லாம் அந்த வேளைகளில்தான். தாகமும் இல்லை, காலும் இல்லை.

அவள் கால்மாட்டுக்குப் போய், போர்வையின் அந்தப் பக்கத்து இரண்டு மூலைகளையும் எடுத்தாள். அம்மா பாடினாள். சுலோகம் முடியும் இடத்தில் மகள் நடந்து வந்து, அந்த ஒற்றைக் கையோடு தன் கையைச் சேர்த்தாள். அம்மா மூலையை வாங்கிக்கொண்டு, இடது உள்ளங்கையால் மடிப்பை நீவிவிட்டு, கழுத்துச் சுலோகத்துக்குப் போனாள். பிறகு தோள். பிறகு கை. மடிக்க இடமில்லாமல் சதுரமானதும் மகள் உதறி விரித்தாள், மறுபடி மடித்தார்கள். பாதம் வரைக்கும் வந்தது. எங்கும் தடைப்படவே இல்லை.

அண்ணன் அழுதுவிட்டான். "பேசுதுடி! நீ சொன்னது சரிதான். எப்படிப் புரிஞ்சுக்கிட்டே? இல்லத்துக்காரங்களுக்கு இப்பவே போன் போட்டு வேணாம்னு சொல்லிடறேன்."

போன் அவன் கையில் இருந்தது. அவள் ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். இத்தனை நாள் அதற்குத்தான் தலைகீழாய் நின்றாள். ஆனால் இன்னொரு வெந்நீர்ப் பை கசிந்தாலும் அம்மா பாடிக்கொண்டேதான் இருப்பாள்.

"பேசல அண்ணா" என்றாள். "வேலை பாக்குது."

"என்னடி சொல்றே?"

"துணி மடிக்குது. அந்தப் பக்கம் நான் நிக்கிறேனா, வேற யாராச்சும் நிக்கிறாங்களான்னு அதுக்கு அக்கறை இல்ல. ஆள் வந்தா போதும்."

"அப்ப நம்மளத் தெரியலையா?"

அவள் போர்வையை விரித்து அம்மாவின் காலை மூடினாள். அண்ணன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "பொய் சொல்லியிருக்கலாம் நீ" என்றான்.

"உன்கிட்டயா?"

இல்லத்தில் அம்மாவுக்கு ஜன்னலோரக் கட்டில் கொடுத்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. தரை பளபளத்தது, நர்ஸ் கொப்புளத்துக்குப் புதுக்கட்டுப் போட்டாள். மகள் உதவியாளப் பெண்ணைக் கூட்டிவந்து விளக்கினாள்: பாடுவாங்க, பாடி முடிச்சதும் இந்தப் பக்கத்து மூலையைப் பிடிச்சுக் கொடுக்கணும், அவ்வளவுதான்.

"ஷீட் மாத்துறது காலையில ஒரு தடவைதான் மேடம்."

"மாத்த வேண்டாம். பிடிச்சாப் போதும்."

"இந்த வார்டுல மட்டும் எத்தனை கட்டில்னு எண்ணிப் பாருங்க" என்றாள் அந்தப் பெண். கோபமாகச் சொல்லவில்லை. அவள் கைகளும் சிவந்து வெடித்திருந்தன. மகளுக்குச் சண்டை போட வாய் வரவில்லை.

அண்ணன் ஆபீஸ் அறையில் இருக்கும்வரை அவளே பிடித்தாள். கூந்தலிலிருந்து பாதம் வரை வந்தார்கள். மடித்து முடித்த விரிப்பை அம்மா அவள் கையில் வைத்து லேசாகத் தள்ளினாள், அடுக்கில் கொண்டுபோய் வை என்பதுபோல. உடனே கண் அடுத்த துணியைத் தேடியது. பக்கத்தில் துணி இல்லை. வாசலில் அண்ணன் வந்து நின்றான்.

"வரேம்மா" என்றாள்.

அம்மா கூந்தல் சுலோகத்தைத் தொடங்கினாள். அவள் நடைபாதை முனைக்குப் போகும்வரை பாட்டு கேட்டது, நின்றது, மறுபடி அதே சுலோகம் தொடங்கியது. அவள் திரும்பவில்லை. திரும்பினால் போக முடியாது. வாசற்படியில் அந்த உதவியாளப் பெண் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"மேடம், எங்க ஷீட்டு."

அப்போதுதான் பார்த்தாள். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். கொடுத்துவிட்டு லாரியில் ஏறி உட்கார்ந்தாள். அண்ணன் சாவியைத் திருகாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வண்டிய எடு அண்ணா" என்றாள்.