அனிமா இரண்டாம் முறை சொன்னது

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியரே என்னிடம் ஏதாவது சொல்வதற்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொள்வார். பஸ்ஸில் கண்டக்டர் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டால் நான் இறங்குகிற வரைக்கும் அவனுக்கு நிம்மதி கிடையாது. அப்படிப்பட்ட தேவகனி டீச்சர் போன வியாழக்கிழமை, வாயைத் திறந்தே ஆகவேண்டிய நேரத்தில், ஊமைக்கோட்டான் மாதிரி நின்றேன். அதற்குப் பிறகு திறந்தேன். திறக்காமலே இருந்திருக்கலாம்.

இரணியலில் எங்கள் சபை ஹாலில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வடக்கத்திப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். கட்டட வேலைக்கு வந்தவர்கள், ஓட்டலில் பரோட்டா அடிக்கிறவர்கள், அண்டி ஆபீஸில் முந்திரி உடைக்கிறவர்கள். போதகர் கேட்டுக்கொண்டதால் ஆரம்பித்தது. வேற்றுமை உருபும் வினையெச்சமும் எனக்குப் பள்ளிக்கூடத்தோடு போதும். இங்கே நான் சொல்லிக்கொடுப்பது வேறு. யாரிடம், எப்போது, எதை, எப்படிச் சொல்லவேண்டும் என்பது. சாயா வேண்டுமா என்று கேட்டவுடனே ஆமாம் என்று தலையாட்டக்கூடாது. வெளியே கிளம்புகிற ஆளைப் பார்த்து எங்கே போகிறீர்கள் என்று கேட்கக்கூடாது. இதெல்லாம் தெரியாமல்தான் அந்தப் பிள்ளைகள் போகிற இடமெல்லாம் வசவு வாங்குகிறார்கள். இதைச் சொல்லிக்கொடுக்க என்னை விட்டால் ஆள் கிடையாது என்று எனக்கு ஒரு நினைப்பு வேறு.

வகுப்பிலேயே கெட்டிக்காரி அனிமா. ஜார்க்கண்டில் கும்லா பக்கம். வந்த புதிதில் தெருவில் காதில் விழுந்ததையெல்லாம் பொறுக்கி வைத்துக்கொண்டு, போதகரைப் பார்த்து, "ஏலே, சாப்ட்டியா?" என்று அன்பாக விசாரித்தாள். போதகர் நல்ல மனுஷன். "சாப்ட்டேன் மக்கா" என்றார். நான்தான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். எங்கள் தங்கையன் சித்தப்பா பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்தார். மகன் ஷாஜன் குவைத்தில். மருமகள் ஜினி பிள்ளைத்தாய்ச்சி. அவளால் பெரிய மனுஷனைப் புரட்டிப் போட முடியுமா? "மைனி, யாராவது ஒரு ஆளப் பாத்துத் தாங்க" என்று அழாத குறையாகக் கேட்டாள். அனிமா அப்போது அண்டி ஆபீஸில் இருந்தாள். வறுக்கிற புகையில் மூச்சு முட்டி ஒரு தடவை ஆஸ்பத்திரி வரைக்கும் போய் வந்திருந்தாள். அவளைக் கொண்டுபோய் விட்டேன். கஞ்சி ஊட்டுவதும் துடைத்து விடுவதும் என்ன, பெற்ற மகள் செய்வாளா அப்படி? சித்தப்பாவின் முதுகில் ஒரு புண் வரவில்லை.

ஒரே ஒரு புகார் வந்தது. முதல் வாரம் கடைக்குக் கிளம்பும்போது, "நான் போறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறாள். சித்தப்பாவின் தங்கை ரத்தினம் அத்தை சுசீந்திரத்திலிருந்து வந்திருந்த நேரம். சீக்காளி கிடக்கிற வீட்டில் இதென்ன பேச்சு என்று எனக்குப் போன் பண்ணி, என்னைப் பேசவே விடாமல் கிழித்துவிட்டாள். அடுத்த ஞாயிறு அனிமாவை முன்னால் நிறுத்திப் பழக்கினேன்.

"எங்க இருந்து கெளம்பினாலும் சரி, யாரிட்ட இருந்து கெளம்பினாலும் சரி, 'போயிட்டு வாறேன்'. வாறேன்னு சொல்லாம ஒரு வீட்டு நடை இறங்கக்கூடாது. கேட்டியா?"

கேட்டாள். அதற்குப் பிறகு தெருமுனைக்குப் போனாலும் சொல்லிவிட்டுத்தான் போனாள். ஜினி சிரிப்பாள்.

சாவு வீட்டில் மட்டும் அப்படிச் சொல்லக்கூடாது. பேசாமல் எழுந்து நடையைக் கட்டவேண்டும். நம் வீட்டில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அதை நான் வகுப்பில் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல, நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஜெபம் பண்ணி ஆரம்பிக்கிற இடத்தில், பிழைக்க வந்த பிள்ளைகளிடம் எதற்குச் சாவுப் பேச்சு என்று விழுங்கிவிட்டேன். நாங்கள் வேதக்காரர்கள், சகுனம் பார்ப்பது பாவம் என்று வருஷத்துக்கு ஒரு பிரசங்கமாவது கேட்கிறவர்கள். பார்த்துக்கொள்ளுங்கள் என் லட்சணத்தை.

போன புதன்கிழமை சித்தப்பா போய்ச் சேர்ந்தார். ஷாஜன் ஓடி வந்தான். வியாழக்கிழமை சாயங்காலம் அடக்கம். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி, கட்டஞ்சாயா குடித்துவிட்டு ஆட்கள் ஒவ்வொருவராக நழுவிக்கொண்டிருந்தார்கள். அனிமா அழுது முகம் வீங்கி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். பிழைப்புக்கு அவள் பயப்பட வேண்டியதில்லை. ரத்தினம் அத்தைக்கு மூட்டு ஆபரேஷன் வைத்திருந்தார்கள். "இந்தப் பிள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன். இவ கை பதமான கை" என்று காலையில்தான் அத்தை எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தாள். தங்க இடம், சாப்பாடு, சம்பளம், புகை இல்லாத காற்று. அன்று ராத்திரி வில்லுக்குறியில் கூட்டாளிகள் அறையில் படுத்துவிட்டு, விடிந்ததும் சுசீந்திரம் பஸ் ஏறுவதாகப் பேச்சு.

பையை எடுத்துக்கொண்டு அவள் ஹாலுக்கு நடுவில் வந்து நின்றாள். அத்தை, ஷாஜன், ஜினி, சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிறோம். கையைக் கூப்பி, "அம்மா, அக்கா, அண்ணே, நான் போயிட்டு வாறேன்" என்றாள்.

ஜினியின் கை வயிற்றுக்குப் போயிற்று.

"என்னட்டி சொன்ன?" என்றாள் அத்தை.

அனிமா என்னைப் பார்த்தாள்.

நான் சொல்லியிருக்க வேண்டும். அத்தே, நான்தான் சொல்லிக்கொடுத்தேன், அவளுக்குத் தெரியாது. இவ்வளவுதான். ஆனால் அத்தனை பேர் இருக்கிறார்களே! டீச்சர் பாடம் நடத்தின சீர் இதுதானா என்று நாளைக்கு ஊர் முழுக்கப் பேசுவார்களே! முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, சுவரில் தொங்கிய சபைக் காலண்டரைப் பார்த்தேன்.

அவள் இன்னொரு முறை சொன்னாள். இன்னும் நிறுத்தி, இன்னும் சத்தமாக. "நான் போயிட்டு வாறேன்."

"வருவியா? வருவியாட்டி? இன்னும் யாரு சாகணும் இந்த வீட்டுல?" அத்தை எழுந்தே விட்டாள். "இவன் பிளேன் ஏறிப் போகணும், இவ வயித்துல பிள்ள கெடக்கு. உனக்கு யாருட்டி இப்படிப் பேசப் படிப்பிச்சா?"

அப்போதாவது சொன்னேனா? "வடக்கத்திக்காரி அத்தே, அதுக்கு என்ன மண்ணு தெரியும்? விடுங்க" என்றேன். 'அது' என்று சொன்னேன். இந்த வாய்தான் சொன்னது. ஷாஜன் அவளுடைய பையை வாங்கி வாசலில் வைத்தான். "நாளைக்கு சுசீந்திரத்துக்கு வராண்டாம்" என்றாள் அத்தை. அனிமா தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே வெப்ராளம். மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் காரணமே இல்லாமல் திட்டித் தீர்த்தேன். சீ, என்ன பொம்பளை நான்! சனிக்கிழமை காலையிலேயே சுசீந்திரத்துக்குப் போனேன். அத்தை காலை நீட்டி உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன்.

"அத்தே, அவளுக்குப் படிப்பிச்சது நான்தான். எங்க இருந்து கெளம்பினாலும் வாறேன்னு சொல்லுன்னு நான்தான் சொன்னேன்."

அத்தை தைலத்தைக் கீழே வைத்தாள். "நீ அங்கனதானே இருந்த?"

"இருந்தேன்."

"பொறவு?"

அத்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"ஒரு தடவையோட நிறுத்தியிருந்தான்னா, பிள்ள தெரியாம சொல்லிட்டான்னு நானும் விட்டிருப்பேன் மக்கா. நான் கேட்ட பொறவும் நின்னு அழுத்திச் சொன்னா பாரு, அதான் எனக்கு நெஞ்சுல ஏறிட்டு."

"அவ மேல தப்பு இல்ல அத்தே."

"நீ சொன்னா நம்புறேன். ஆனா நான் கத்தி வைக்கப் போற ஆளு. அவ மொகத்தப் பாத்தா எனக்கு அந்தப் பேச்சுதான் ஓர்மை வரும். வேற ஆளுக்குச் சொல்லியாச்சு." தைலப் புட்டியை மூடினாள். "அன்னைக்கே நீ வாயத் தொறந்திருந்தா, நானே அவளக் கட்டிப்பிடிச்சு அழுதிருப்பேன். இனி என்ன செய்யது?"

கெஞ்சிப் பார்த்தேன். ஜினியிடமும் ஷாஜனிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன். "சொல்லு. சொல்ல வேண்டியதுதான்" என்றாள். ஆள் விஷயத்தில் மட்டும் அசையவில்லை.

அங்கிருந்து நேராக வில்லுக்குறி. அனிமா பழையபடி அண்டி ஆபீஸுக்கே போய், அப்போதுதான் வந்திருந்தாள். முந்திரித் தோட்டில் கசிகிற அண்டிப்பால் பட்டு விரலெல்லாம் கறுத்திருந்தது. இருமிக்கொண்டே எனக்கு ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

சாவு வீட்டு வழக்கத்தைச் சொன்னேன். அத்தை மனசு மாறவில்லை என்பதையும் சொன்னேன். வகுப்பில் கேட்கிற மாதிரியே கண்ணை அசைக்காமல் கேட்டாள்.

"அப்போ சும்மா எந்திரிச்சுப் போகணுமா?"

"ஆமா."

"யாரிட்டயும் சொல்லாம?"

"யாரிட்டயும் சொல்லாம. இத நான் உனக்கு முன்னாலேயே சொல்லித் தந்திருக்கணும். அன்னைக்கு எல்லார் முன்னாலயும் நான்தான் தப்புன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. உன்னக் கேவலமா வேற பேசினேன்." மூச்சு வாங்கிக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் வாய் நீளமாயிற்றே. என் பாரத்தில் கொஞ்சத்தை அவள் தலையில் ஏற்ற முடியுமா என்று பார்த்திருக்கிறேன் போல. "ஆனா அனிமா, அவங்க கோவமாக் கேட்ட பொறவும் எதுக்கு நீ இன்னொரு தடவ சொன்ன?"

அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீங்கதானே டீச்சர் சொல்லச் சொன்னீங்க?"

"நானா?"

"நான் உங்களப் பாத்தேன். நீங்க முகத்தத் திருப்பினீங்க. கிளாஸ்ல நாங்க தப்பாச் சொன்னா நீங்க அப்படித்தான் திருப்புவீங்க. சரியாச் சொல்ற வரைக்கும் எங்களப் பாக்க மாட்டீங்க. அதான் இன்னும் நல்லாச் சொன்னேன்."

எனக்கு அப்படி ஒரு பழக்கம் இருப்பது அதுவரை எனக்கே தெரியாது. இத்தனை வருஷம் எத்தனை பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துப் படித்திருப்பார்கள்! ஸ்டூலில் உட்கார்ந்தபடி என் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு இருமல் வந்தது. அடங்கின பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

"ரெண்டாவது தடவ சரியா இருந்துதா டீச்சர்?"

"சரியாத்தான் இருந்துது" என்றேன். அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லவேண்டியிருந்தது.