சின்னராசாயியும் விமலேஸ்வரியேயும்

1957இல் கிளிநொச்சியில் ஒரு குடியேற்றத் திட்டப் பாடசாலையில் நான் விஞ்ஞான ஆசிரியன். விஞ்ஞானம் என்றால் அங்கே ஒரு பூதக்கண்ணாடி, ஒரு உடைந்த தராசு, நான். மூன்றிலும் தராசுக்குத்தான் நிதானம் அதிகம்.

அந்த வருடம் எனக்குத் தும்பிப் பித்துப் பிடித்தது. வாய்க்கால் வரம்பில் இரண்டு விதமான சின்னத் தும்பிகள் திரிந்தன. ஒன்று நீலம்; மற்றது மஞ்சளில் கறுப்புக் கோடு. இரண்டும் ஒரே பேரினம் என்று பழைய புத்தகம் ஒன்றைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். அந்தப் பேரினத்தில் உலகம் முழுக்கப் பத்துச் சொச்சம் இனங்கள். இலங்கையில் இரண்டே இரண்டு. அந்த இரண்டையும் விவரித்த பக்கங்களைக் கறையான் தின்றுவிட்டிருந்தது. தின்னாத பக்கங்களில் என் தும்பிகள் இல்லை. ஆகவே அவை உலகத்துக்கே புதியவை என்று முடிவு கட்டினேன்.

புது இனத்துக்குப் பெயர் வைக்க ஒரு லத்தீன் விதி உண்டு. ஆணின் பெயரென்றால் கடைசியில் 'இ', பெண்ணின் பெயரென்றால் 'ஏ'. நீலத்துக்கு என் பெயரை வைத்தேன். சின்னராசா, சின்னராசாயி ஆனான். கூழ் காய்ச்சும் கிழவியின் பெயர் மாதிரி இருந்தாலும் புகழ் புகழ்தானே. தன் பெயரைத் தானே சூட்டுவது மரியாதையில்லை என்றும் ஒரு வழக்கம் உண்டாம். அந்தப் பக்கத்தையும் கறையான் தின்றிருக்க வேண்டும்.

மஞ்சளுக்கு 'விமலேஸ்வரியே'.

விமலேஸ்வரி கீழ்வகுப்பு ஆசிரியை. இரண்டு வருடமாக ஒரே ஆசிரியர் அறையில் இருந்தும் அவரிடம் நான் கேட்டதெல்லாம் கரும்பலகையில் எழுதச் சோக்கட்டி இருக்கிறதா என்பதுதான். அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். பிடித்ததால்தான் நாக்கு எழும்பவில்லை. தகப்பன் செல்வநாயகம் ஒரு கிளாக்கர் மாப்பிள்ளையைப் பேசி வைத்திருந்தார், ஆவணிக்குள் முடிவு. நேரே கூப்பிடத் துணிவில்லாதவன் லத்தீனில் கூப்பிட்டேன். பெயர் அச்சில் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு போய்ச் செல்வநாயகத்தாரிடம் பெண் கேட்பது என் திட்டம். மாப்பிள்ளைக்குத் தும்பி இருக்கிறது என்று யார் பெண் கொடுப்பார்கள் என்று நான் யோசிக்கவில்லை.

தும்பிகளைக் கடதாசியில் மடித்து, நான் வைத்த பெயர்களையும் எழுதி, கொழும்பில் பூச்சிகளைப் பற்றி அறிந்த ஒருவருக்கு அனுப்பினேன். ஆறு கிழமையில் ஆங்கிலத்தில் பதில் வந்தது. உறை பெரியது என்பதால் தலைமையாசிரியர் ஏரம்பு தனக்குத்தான் என்று உடைத்துவிட்டார். கையால் எழுதிய கூட்டெழுத்து அவருக்குப் பிடிபடவில்லை. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவரிடம் நீட்டினார். அது விமலேஸ்வரி.

அவர் முழுவதையும் வாசித்தார். நான் வெளியே ஓடியிருக்கலாம்.

பிறகு தமிழில் சொன்னார். இந்தத் தும்பியின் பெண்ணும் இளம் ஆணும் மஞ்சளாக இருக்குமாம். ஆண் முத்தும்போது நீலம் பூக்குமாம். விமலேஸ்வரியே என்று நான் அனுப்பியது ஒரு இளம் ஆண். பிடித்ததையெல்லாம் அன்றைக்கே கொன்றவனுக்கு அது முத்துவது எப்படித் தெரியும்? இதற்கு நூறு வருடத்துக்கு முன்பே யாரோ பெயரும் வைத்தாயிற்று. திரிவியாலிஸ். அற்பமானது, எங்கும் கிடப்பது என்று பொருள். அது என்னைத்தான் சொன்னதாக எனக்குப் பட்டது.

இதில் பாதி ஏரம்புவுக்கு விளங்கவில்லை.

"முடிவா என்ன எழுதியிருக்கினம், ரீச்சர்?"

"விமலேஸ்வரி, சின்னராசா. ரெண்டு பேரும் ஒண்டுதானாம்."

ஏரம்பு கதிரையை விட்டு எழும்பினார். என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"கொழும்பு வரைக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. செல்வநாயகத்தாருக்குத் தெரியுமோ?"

விமலேஸ்வரி சொன்ன 'பேர்' பெயர் என்றும், ஆள் இல்லை என்றும் விளக்க நான் வாயைத் திறந்தேன். பிள்ளைகள் கொம்பு மாறிப் போட்டாலும் விடாமல் திருத்துகிற விமலேஸ்வரி, இதைத் திருத்தவில்லை. கடிதத்தை நாலாக மடித்தார்.

"இன்னும் தெரியாது, சேர். சின்னராசா மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை வீட்ட வந்து கதைக்கிறாராம்."

பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"தும்பியை மட்டும் கொண்டு வராதேங்கோ."