வாய்மேல் வைத்த கை

நன்றி சொல், நன்றி சொல் என்று ஊரே தொரிபியாவின் காதைத் துளைத்துவிட்டது. காணாமல்போன பிள்ளைகளைத் தேடும் அலுவலகத்துப் பெண் சொன்னாள். பூசை முடிந்ததும் பாதிரியார் சொன்னார். புருஷன் நிக்கனோர் காப்பி குடிக்கும்போதெல்லாம் சொன்னான். பன்னிரண்டு வருஷம் உன் மகளுக்குச் சோறு போட்டு, படிக்கவைத்து, ஆளாக்கிய மகராசிக்கு ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாய் என்று கேட்டார்கள்.

தொரிபியாவுக்கு ஆத்திரம் வந்தது. யார் பெற்ற பிள்ளைக்கு யாருக்கு நன்றி? பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மே மாதம் ராணுவம் மலையைச் சுற்றி வளைத்தபோது, காலில் குண்டு பாய்ந்து நாணல் புதருக்குள் கிடந்தவள் அவள். கண்ணெதிரே சிப்பாய்கள் நாலு வயது மிர்னாவைத் தூக்கி ஹெலிகாப்டரில் போட்டுக்கொண்டு போனார்கள். கத்தினால் புதருக்குள் இருந்த மற்றவர்களும் சாவார்கள். கத்தாமல் கிடந்தாள். அந்தக் கத்தல் இன்னும் தொண்டையில்தான் இருந்தது.

அப்புறம் எல்லை தாண்டி ஹோண்டுராஸ் அகதி முகாம். திரும்பி வந்தபோது சலத்தெனாங்கோ மலையில் அவர்கள் வீடு இருந்த இடத்தில் கரித்தூளும் முட்செடியும்தான். வெட்டித் துப்புரவாக்கி, கல்லடுக்கி, தகரம் போட்டார்கள். தலைநகரில் பெரிய மனிதர்கள் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள், போராளியாயிருந்த நிக்கனோர் துப்பாக்கியை ஒப்படைத்தான், சண்டை முடிந்துவிட்டது என்றார்கள். யாருக்கு முடிந்ததோ.

இப்போது மகள் கிடைத்துவிட்டாள். சாந்தா ஆனா நகரத்துச் சந்தையில் துணிக்கடை வைத்திருக்கும் அம்பாரோ என்பவள் வளர்த்திருக்கிறாள். பெயர்கூட மிர்னா இல்லை, லொரேனாவாம். முழங்காலுக்குக் கீழே அடுப்புச் சூடுபட்ட தழும்பு பொருந்தியது, ரத்தமும் பொருந்தியது. இன்று இரண்டு பேரும் வருகிறார்கள். அலுவலகத்துப் பெண் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: பெண்ணுக்குப் பதினாறு வயது, யாரும் வற்புறுத்த முடியாது, முதல் தடவையே மனசு கசந்தால் மறு தடவை வரமாட்டாள். அதனால் நாக்கை அடக்கிக்கொள்.

தொரிபியா இருந்த ஒரே முட்டைக்கோழியை அறுத்தாள். மகளுக்காக.

வந்தார்கள். பெண் உயரமாக இருந்தாள், நடை நிக்கனோருடையது. தொரிபியா கட்டிப்பிடித்தபோது கட்டை மாதிரி நின்றாள். தொரிபியாவை 'நீங்க' என்றாள். அம்பாரோவை 'அம்மா' என்றாள். தண்ணீர் வேண்டுமா அம்மா, வெயிலில் உட்காராதீங்க அம்மா என்று அவள் சொல்லும் ஒவ்வொரு தடவையும் தொரிபியா பல்லைக் கடித்தாள்.

சூப்பை ஊற்றும்போது மகளின் கிண்ணத்தில் தொடைக்கறியைப் போட்டாள். அம்பாரோவின் கிண்ணத்தில் கழுத்துத் துண்டைப் போட்டாள். நிக்கனோர் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அம்பாரோ கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். சோளரொட்டியைக் கிள்ளி நனைத்துத் தின்றாள், கழுத்தெலும்பைப் பொறுமையாகக் கடித்தாள். அந்தப் பொறுமைதான் தொரிபியாவுக்குப் பொறுக்கவில்லை. மறுபடி கோழியைப் போடக் கரண்டியை எடுத்தவள் கரண்டியோடு திரும்பினாள்.

"நாலு வயசுப் புள்ள அது. அம்மா பேரு தெரியும், அப்பன் பேரு தெரியும், ஊர் பேரு தெரியும். நீ ஒரு தடவ கேட்டிருந்தாப் போதும். கேக்கல. கேட்டா திருப்பிக் குடுக்கணும்ல?"

பெண்ணின் முகம் இறுகிவிட்டது. நிக்கனோர் கையைப் பிசைந்தான். அம்பாரோ எலும்பைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"கேட்டேங்க," என்றாள். "சிப்பாய் ஒருத்தன் கடைவாசல்ல விட்டுட்டுப் போன அன்னிலேர்ந்து தெனமும் கேட்டேன். உன் அம்மா பேரு என்ன கண்ணுன்னு கேட்டாலே உள்ளங்கையால வாய மூடிக்குவா. அப்புறம் அந்தக் கைய என்கிட்ட நீட்டுவா, எதையோ குடுன்னு கேக்கற மாதிரி. என்ன கேக்கறான்னு எனக்குப் புரியவே இல்ல."

கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "கொஞ்ச நாள்ல நானே கேக்கறத நிறுத்திட்டேன். சொல்லிடுவாளோன்னு பயம் வந்துடுச்சு. அது என் தப்புதான்," என்றாள்.

தொரிபியாவுக்குக் கடைசி வார்த்தைகள் காதில் ஏறவில்லை. கை நீட்டினாளா?

ராணுவம் வரும்போது பதுங்கும் குழிக்குள் வைத்து அவள்தான் அதைப் பழக்கினாள். அம்மா பெயரைச் சொன்னால் அப்பன் பெயர் தெரிந்துவிடும், அப்பன் போராளி என்று தெரிந்தால் குடும்பமே குளோஸ். உன் அம்மா பேரு என்ன என்று கேட்பாள். பிள்ளை பெயரைச் சொன்னால் அடி. வாயை மூடிக்கொண்டால் வெல்லத்தில் ஒரு துண்டு. பிள்ளை கெட்டிக்காரி, சீக்கிரம் கற்றுக்கொண்டாள். பெற்றவள் பெயரைச் சொல்லாமல் உயிர் பிழைத்தாள், சொல்லாததால் பெற்றவளையே தொலைத்தாள்.

தொரிபியா எழுந்து கொல்லைப்புறம் போனாள். கோடாலியை எடுத்து விறகு பிளந்தாள். சிராய் முகத்தில் தெறித்தது. பிள்ளைக்கு அப்படி ஒரு பாடம் சொல்லிக்கொடுக்க வைத்த சிப்பாய்களை, அவர்களை அனுப்பிய பெரிய மனிதர்களை, மலைக்குமேல் சும்மா இருந்த கடவுளை, எல்லோரையும் சேர்த்துப் பிளந்தாள். நிக்கனோர் பின்னால் வந்து நின்றான்.

"நன்றின்னு சொன்னே, கோடாலி உன் பக்கம் திரும்பும்," என்றாள்.

"அதச் சொல்ல வரல. புள்ளைக்கு அந்தப் பாடத்தச் சொல்லிக்குடுன்னு சொன்னவனே நான்தான். மறந்துட்டியா?"

"தெரியும்யா. உன்னையும் சேத்துத்தான் வெட்டறேன்."

விறகு தீர்ந்தது. கோபம் தீரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அம்பாரோ போவதற்காகப் பையை மடியில் வைத்திருந்தாள், பெண் அவளை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். தொரிபியா நேராக அம்பாரோவின் எதிரில் நின்றாள்.

"உனக்கு நன்றி சொல்லணும்னு எல்லாரும் என் உசுர வாங்கறாங்க. சொல்றேன். எம்புள்ள உசுரோட இருக்கா, நல்லாருக்கா, அது உன்னாலதான். ஆனா கோவம் போகல, போகவும் போகாது. ரெண்டையும் சேத்து வாங்கிக்க."

"குடுங்க," என்றாள் அம்பாரோ. அவள் கண் நிறைந்திருந்தது.

தொரிபியா சட்டியில் கிடந்த இன்னொரு தொடையை எடுத்து அவள் கிண்ணத்தில் போட்டாள். "கழுத்தையே கடிச்சிட்டிருக்காத," என்றாள்.

பிறகு காப்பிக்கு வைத்திருந்த வெல்லக்கட்டியில் ஒரு துண்டு உடைத்துக்கொண்டு மகளின் முன்னால் வந்து குனிந்தாள். பதுங்குகுழியில் கேட்ட அதே குரலில் கேட்டாள்.

"உன் அம்மா பேரு என்ன?"

பெண்ணின் வலது கை தானாக எழுந்து வாயை மூடியது. அவளே திடுக்கிட்டுத் தன் கையைப் பார்த்தாள். தொரிபியா அந்த மணிக்கட்டைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினாள்.

"இப்ப சொல்லலாம்டி. யாரும் வரமாட்டாங்க."

பெண் அம்பாரோவைப் பார்த்தாள். அம்பாரோ தலையை அசைத்தாள்.

"தொரிபியா," என்றாள் பெண். பிறகு "அம்பாரோ" என்றும் சொன்னாள்.

இரண்டாவது பெயரைக் கேட்டதும் தொரிபியாவின் முகம் சிவந்தது. வெல்லம் பிடித்த கை நின்றது. அப்புறம் அவள் மகளின் உள்ளங்கையை விரித்து வெல்லத்தை அதில் வைத்தாள்.

லொரேனா அதைக் கடித்துக்கொண்டே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை இங்கே வருவதற்கு முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்று நிக்கனோரிடம் கேட்டாள்.