கணக்குத் தீர்த்த பந்து

பந்து கையை விட்டுப் போனது ரைமெருக்குத் தெரியவில்லை. கண்தான் பார்த்தது. பேஸ்பால் மைதானத்தின் எறிமேட்டிலிருந்து கிளம்பிய பந்து வலப்பக்கம் ஒதுங்கி, மேலே ஏறி, எதிரே மட்டையோடு நின்ற எதிரணி ஆட்டக்காரன் நெல்பின் முகத்தைத் திருப்புவதற்குள் அவன் தாடையில் போய் மோதியது. மட்டையில் பட்டாலும் ஒரு சத்தம் வரும், கையுறையில் விழுந்தாலும் ஒரு சத்தம் வரும். இது இரண்டுமில்லை. நெல்பின் மண்ணில் முழங்காலிட்டு வாயிலிருந்து எதையோ உள்ளங்கையில் துப்பி, அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நடுவர் ரைமெரை வெளியே போகச் சொல்லிக் கை நீட்டினார். சொந்த அணியின் ரசிகர் கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. எதற்கு என்று ஒரு நிமிடம் புரியவில்லை. அவன் எறியும் பந்தைப் பிடிக்கும் கேட்சர் மோந்தானோ ஓடிவந்து அவன் கழுத்தை வளைத்துக்கொண்டபோதுதான் உறைத்தது.

"மூஞ்சில போட்டது கொஞ்சம் ஓவர்தான். தொடையில போட்டிருக்கலாம். ஆனாலும் இன்னிக்கு ஆம்பளையாயிட்டடா, பால்பாட்டில்."

மூன்றாவது இன்னிங்ஸில் எதிரணியில் பந்தெறியும் பிட்சர், இவர்கள் அணியின் மூத்த ஆட்டக்காரர் வாக்கரின் விலாவில் பந்தை எறிந்திருந்தான். நம் ஆளை அடித்தால் அவர்கள் ஆளை நம் பிட்சர் அடிக்க வேண்டும். எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம், எல்லோருக்கும் தெரிந்த சட்டம். பத்தொன்பது வயதுப் பையன், மேஜர் லீக்குக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, யாரும் சொல்லாமலே செய்துவிட்டான் என்று மொத்த அணியும் நினைத்துக்கொண்டது.

உடை மாற்றும் அறையில் விலாவில் ஐஸ் கட்டிக்கொண்டு வாக்கர் உட்கார்ந்திருந்தார். இதுவரை ரைமெரை நிமிர்ந்துகூடப் பார்க்காதவர்.

"தம்பி, நாளைக்கு ஃபிளைட்ல பின்னாடி வந்துடு. என் பக்கத்து சீட்டு ஒனக்கு."

விமானத்தின் பின்வரிசை பெரிய ஆட்களுக்கு மட்டும். ரைமெர் தலையாட்டிவிட்டுக் கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டான். வலது கையைக் குழாயடியில் நீட்டினான். மூன்று விரல்களில் தண்ணீர் குளிர்ந்தது. மோதிர விரலிலும் சுண்டுவிரலிலும் தண்ணீர் ஓடுவது கண்ணுக்குத்தான் தெரிந்தது. மூன்று வாரமாக இப்படித்தான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஸ்கேன், ஸ்கேனுக்குப் பிறகு முழங்கையில் கத்தி, கத்திக்குப் பிறகு ஒன்றரை வருடம் ஆட்டமில்லை. அவனோடு பயிற்சி முகாமில் இருந்த ராமிரோ முழங்கையில் தையலோடு ஊர் திரும்பி, இப்போது சான் பெத்ரோவில் பைக் டாக்சி ஓட்டுகிறான். அதோடு, பந்து முன்பைவிட வேகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வேகம் இருக்கும்வரை யார் விரலைப் பற்றிக் கேட்கப்போகிறார்கள்?

இடது கையால் அக்காவுக்குப் போன் போட்டான். யொகாஸ்தா ஊரில் தன் பார்லரில் இருந்தாள். பின்னால் முடி உலர்த்தும் மெஷின் இரைந்தது.

"டேய், டிவியில ஒன்னயேதான் போட்டுப் போட்டுக் காட்டுறானுங்க. கொலகாரன் மாதிரி. வேணும்னேவா எறிஞ்ச?"

"இல்லக்கா. ரெண்டு விரலு மரத்துப்போய்க் கெடக்கு. பந்து எங்க போச்சுன்னே எனக்குத் தெரியல."

மெஷின் நின்றது. அவள்தான் நிறுத்தியிருக்க வேண்டும்.

"யார்ட்டச் சொன்ன?"

"ஒங்கிட்டதான். அக்கா, வேணும்னு அடிச்சேன்னு நெனைக்கிற வரைக்கும் எனக்கு இங்க எடம் இருக்கு. தெரியாமப் பட்டுச்சுன்னு சொன்னா கையப் பாப்பாங்க. கையப் பாத்தா அவ்ளோதான்." "அவன் உள்ளங்கையப் பாத்துட்டு இருந்தது கண்ணுலயே நிக்குது எனக்கு. பயமா இருக்குக்கா."

"நெல்பினும் நம்ம ஊர்க்காரன்தான், அவன் பொண்டாட்டி எங்கிட்டதான் முடி வெட்டிக்க வருவா, தெரியும்ல? அடுத்த வாட்டி வந்து ஒக்காந்தான்னா, அவ தலையில எப்படிடா கைய வைப்பேன்?"

அவன் குழாயை மூடினான்.

"அவன் வாய ஒடச்சுத்தான் நீ அங்க ஒக்காரணுமா? அடுத்த வாரமும் எறிவ. அப்ப யாரு மூஞ்சிடா?" மெஷின் திரும்ப இரைந்தது. "வைக்கிறேன். ஆளு காத்துட்டு இருக்கு."

அவன் வெளியே வந்தபோது வாக்கர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ரைமெர் அவரைத் தாண்டி, நடைபாதைக் கோடியில் இருந்த பிசியோவின் அறைக் கதவைத் தள்ளினான்.

ஹெண்ட்ரிக் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். "வாங்க சண்டியரே. அடுத்து யாரு, எனக்கா?"

"விரலு தெரியல சார்."

துண்டைக் கீழே வைத்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து அவன் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"கண்ண மூடிக்க. எதத் தொடறேன்னு சொல்லு."

"கட்ட விரலு."

"ம்."

"ஆள்காட்டி. நடு விரலு."

"ம்."

ரைமெர் காத்திருந்தான். சுவருக்கு அப்பால் கூட்டம் எதற்கோ இரைந்து அடங்கியது. ஹெண்ட்ரிக் யோசிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தான். இன்னும் கொஞ்சம் காத்திருந்தான்.

"அடுத்தத் தொடுங்க சார்."

கண்ணைத் திறந்தான். ஹெண்ட்ரிக்கின் இரண்டு விரல்களுக்கு நடுவில் அவனுடைய சுண்டுவிரல் நசுங்கிக்கொண்டிருந்தது. நகம் முழுக்க வெளுத்துப்போயிருந்தது.